அசுவினி வரும்வரை

1. என் நட்சத்திரம்

வேலையில் சேர்ந்த நாளன்று என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்விக்கே தப்பான பதில் சொன்னேன். ஓய்வு பெறும்வரை அந்தத் தரத்தைப் பெரும்பாலும் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்புறம் ஒரு சந்தில், ஓட்டுக் கட்டடம் ஒன்றில் எங்கள் பயிர்ப் பாதுகாப்பு ஆபீஸ். முன்னறையில் மேசைகள். பின்னறையில் மருந்து டின்களும் ஸ்ப்ரேயர்களும். இரண்டுக்கும் நடுவில் கதவு கிடையாது. அங்கே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டால் அதிலும் கொஞ்சம் மருந்து வாசனை அடிக்கும். எங்கள் ஆபீசர் சம்பந்தம் சார் என் வேலை உத்தரவைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பி.எஸ்சி. ஜுவாலஜியா? அசுவினி தெரியுமா?"

"தெரியும் சார். என் நட்சத்திரம்."

அடுத்த மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். சம்பந்தம் சார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது. என்னைப் பின்பக்க வேலிக்கு அழைத்துப் போனார். அங்கே ஓர் அவரைக்கொடி. அதன் கொழுந்து முழுக்க யாரோ எள்ளை அரிசிக்கஞ்சியில் தோய்த்து ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தபோது எள்ளுக்குக் கால் முளைத்திருந்தது.

"இதுதான்யா உன் நட்சத்திரம். செடியில மூக்கைக் குத்தி சாறு குடிக்கும். அவரை, காராமணி, மல்லாட்டை, எதையும் விடாது."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. கல்லூரியில் மூன்று வருஷம் கரப்பானையும் தவளையையும் அறுத்தவன் நான். அசுவினி பரீட்சைக்கு வராது என்று சீனியர்கள் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள்.

2. புருசன் இல்லாத குடும்பம்

வெட்கத்தினால் படிக்க ஆரம்பித்தேன். வேறு எந்தக் காரணத்தினாலும் நான் எதையும் படித்ததில்லை.

அசுவினி உடம்பின் பின்பக்கம் மேலே இரண்டு சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு இரட்டை சைலன்சர் போல. இந்தக் குழாய் இருந்தால் அசுவினி, இல்லாவிட்டால் வேறு ஏதோ என்று ஒரு கை லென்சை வைத்துக்கொண்டு தைரியமாகச் சொல்லிவிடலாம். அது குடிக்கும் சாற்றில் சர்க்கரை அதிகம், சத்து கம்மி. ஆகவே சர்க்கரையைப் பின்வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டுவிடும். இலை பிசுபிசுக்கும். அதை நக்க எறும்பு வரும். நக்கிய நன்றிக்கு எறும்பு அசுவினிக்குக் காவல் நிற்கும். நம் வெயிலில் அதற்கு முட்டை கிடையாது, ஆணும் கிடையாது. எல்லாம் பெண். பிறப்பதும் பெண். பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறை தயாராக இருக்கும். செடியில் கூட்டம் நெருக்கினால், அடுத்துப் பிறப்பவற்றில் சிலவற்றுக்கு இறக்கை முளைத்து வேறு செடிக்குப் பறந்துவிடும்.

இதையெல்லாம் நான் முதன்முதலில் சொல்லிக்காட்டியது உண்ணாமலையிடம். கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் அவருடைய ஊர். கிணற்றுப் பாசனத்தில் மல்லாட்டை போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் வீட்டுப் பின்புறம் அல்ல, விளைநிலம். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட மேஸ்திரி. தீபத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருவார். அந்த வருஷம் உண்ணாமலையின் கொல்லையை எங்கள் ஆபீஸ் செயல்விளக்கத் திடலாக எடுத்திருந்தது. அதாவது, நாங்கள் சொல்கிறபடி அவர் பயிர் செய்ய வேண்டும். ஊர் அதைப் பார்த்துத் திருந்த வேண்டும்.

திடலுக்கு ஒரு தகரப் போர்டு உண்டு. பயிர், பூச்சி, மருந்து, விவசாயி பெயர் என்று நான்கு வரிகள். பட்டா கணவர் பேரில் இருந்ததால் பெயின்டர் அவர் பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தான். உண்ணாமலை போர்டை நடவிடவில்லை.

"அந்தாளு பேரைப் போட்டா அந்தாளே வந்து களை எடுக்கட்டும். நான் பெங்களூரு போயி நிம்மதியா ஒக்காந்துக்கறேன்."

சம்பந்தம் சார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் போர்டு பெயின்டரிடமே திரும்பிப் போய், "விவசாயி: உண்ணாமலை" என்று வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் எழுதிய போர்டு அதற்கு முன்னால் நின்றதாக எனக்கு நினைவில்லை. போர்டை நட்ட அன்று அவர் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பெயின்ட் இன்னும் காயவில்லை. தலைப்பில் ஒரு 'லை' ஒட்டிக்கொண்டது. அவர் அதைத் துவைத்து எடுக்கவே இல்லை.

தை மாதத்தில் கொழுந்துகளில் கறுப்பு ஏறியது. லென்சை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அய்ய, பெத்துனு கீது சார்!"

நான் படித்ததை எல்லாம் ஒப்பித்தேன்.

"ஆம்பளையே இல்லாம புள்ளையா?"

"ஆமாம்மா."

"அதான் இத்தினி சுறுசுறுப்பா கீதுங்க."

அவர்கள் ஊரில் இதற்குப் பேன் என்றுதான் பெயர். அசுவினி என்ற பூச்சி இருப்பதை அவர் என்னிடம்தான் கேள்விப்பட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

3. மஞ்சளும் கறுப்பும்

அவருடைய வரப்பில் எருக்கு இருந்தது. அதன் தண்டில் மஞ்சள் நிறத்தில், கறுப்புக் கால்களோடு இன்னொரு கூட்டம். கிரிவலப் பாதையில் அரளிச்செடிகளிலும் இதே மஞ்சளைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்தேன். கறுப்பு அவரைக் குடும்பத்துக்காரன். மஞ்சளுக்குப் பால் வடியும் எருக்கும் அரளியும்தான் சாப்பாடு. மல்லாட்டைப் பக்கம் எட்டிப் பார்க்காது.

இதை ஒரு கண்டுபிடிப்பைப் போல சம்பந்தம் சாரிடம் போய்ச் சொன்னேன்.

"ரெண்டும் அசுவினிதானே?"

"இனம் வேற சார்."

"ஏன்யா, பூச்சியிலயும் ஜாதி பாக்கறியா? வேலூர்லேர்ந்து ஜாயின்ட் டைரக்டர், ஜே.டி.யே இன்ஸ்பெக்ஷன் வர்றார். வரப்பு சுத்தமா இருக்கணும். எருக்கை வெட்டச் சொல்லு. மருந்தை அடிக்கச் சொல்லு."

எருக்கு வெட்டப்பட்டது. மருந்து அடிக்கப்பட்டது. கறுப்பு எள்ளெல்லாம் உதிர்ந்தது. கூடவே, சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டுகளும் உதிர்ந்தன. அழகான பூச்சியாயிற்றே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஒரு பூச்சித்துறை ஊழியனுக்கு அது மட்டுமே தோன்றியது.

வரப்புக்கு அந்தப் பக்கம் ஏழுமலையின் கொல்லை. உண்ணாமலையின் கணவருக்கு அண்ணன், அவருக்கு 'மாமா'. அவரும் மல்லாட்டைதான். அவருடைய எருக்கு அப்படியே நின்றது. வெட்டச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் வெட்டுகிற ஆள் இல்லை.

4. ஜீப்பில் ஒலித்தது

திடலைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் தகவல் போக வேண்டும் என்று ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டினோம். சம்பந்தம் சார் எழுதிக் கொடுத்தார். நான் வாசித்தேன். "விவசாயப் பெருமக்களே! நிலக்கடலையில் அசுவினி வந்தவுடன் தாமதிக்காமல் டைமெத்தோயேட் மருந்தைத் தெளிக்கவும்!" தெருத்தெருவாகச் சொன்னோம். ஜனங்கள் கவனமாகக் கேட்டார்கள். சில பெரியவர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையில் உண்ணாமலையின் கொல்லைக்குப் பேன் திரும்பி வந்தது. வந்ததா, முன்பு தப்பிப் பிழைத்தது பெருகியதா தெரியாது. அதைத் தின்ன அங்கே ஒரு பொறிவண்டுகூட மிச்சம் இல்லாததால், முன்பைவிட ஜாஸ்தியாகப் பெருகியது. மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. இலை சுருண்டது. பிசுபிசுப்பின் மேல் கரி படிந்த மாதிரி பூஞ்சணம் பிடித்தது. நான் சொன்ன ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, கொல்லையைப் பார்த்தால் கலவரமாகவும் இருந்தது.

"சார், இன்னும் ஒரு வாட்டி அடிக்கணுமா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. கேட்டுச் சொல்றேன்."

"நீங்க கேட்டுச் சொல்றதுக்குள்ள அது பேரன் பேத்தி எடுத்துடும்."

5. போர்டு இடம் மாறியது

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் சம்பந்தம் சார் கொல்லையைப் பார்க்க வந்தார். பார்த்தார். வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தலையைத் திருப்பி ஏழுமலையின் கொல்லையைப் பார்த்தார். அது பச்சைப் பசேலென்று இருந்தது.

"இந்தப் போர்டைப் பிடுங்கி அந்தப் பக்கம் நடு."

"அது திடல் இல்லையே சார்."

"நடுவுல என்ன இருக்கு? ஒரு வரப்பு. ஜே.டி. வரப்பையா எண்ணப்போறார்?"

பெயரை மாற்ற ஆள் அனுப்பினோம். பெயின்டர் ஒரு கல்யாணத்துக்கு செங்கம் போயிருந்தான். "பேரை யாருய்யா படிக்கப் போறா" என்றார் சம்பந்தம் சார். நானும் ஆபீஸ் வாட்ச்மேனும் போர்டைப் பிடுங்கினோம். உண்ணாமலை கிணற்றுமேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போர்டை நட்டு மண்ணை மிதித்த பிறகுதான் பேசினார்.

"என் பேரை மட்டும் மாமா கொல்லியில நட்டுட்டீங்க. என்னை எங்க சார் நடுவீங்க?"

மிதித்த மண்ணையே நான் மறுபடி மிதித்தேன்.

மறுநாள் காலை ஜே.டி. வந்தார். வேலூர்க்காரர், வேட்டி கட்டினால் விவசாயி என்றே சொல்லிவிடலாம். ஜீப்பை விட்டு இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம் போர்டைப் படித்ததுதான்.

"உண்ணாமலை யாரு?"

சம்பந்தம் சார் ஏழுமலையை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "இவர்தான் சார்."

"உண்ணாமலை அம்மன் பேராச்சே."

ஏழுமலைக்கு நல்ல அடர்த்தியான மீசை. அதை அந்த நேரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"என் பேரு ஏழுமலைங்க. ரெண்டும் மலதாங்க."

ஜே.டி. குனிந்து ஒரு செடியைப் புரட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பயிர் நல்லாத்தான் இருக்கு. மருந்து எத்தனை வாட்டி அடிச்சே?"

"இன்னும் அடிக்கலீங்க."

"ஏன்?"

"அசுவினி இன்னும் வரலீங்களே."

ஜே.டி. மகிழ்ந்துபோனார். பூச்சி வராமல் மருந்து அடிக்காத விவசாயியை அவர் எத்தனை மேடைகளில் தேடியிருப்பாரோ. "இப்படித்தான் இருக்கணும். வந்தா அடிப்பியா?"

"கண்டிப்பா. வர்ற வெள்ளிக்கெழம வருதுங்க."

"வெள்ளிக்கிழமை வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"காலண்டர்லயே போட்டுகீதுங்களே."

ஜே.டி. கையிலிருந்த செடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

பிறகு ஏழுமலையே விளக்கினார். ஜீப்பில் அசுவினி வந்தவுடன் மருந்து அடிக்கச் சொன்னார்கள். பரவாயில்லையே, கவருமெண்டும் நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டதே என்று ஊரே சந்தோஷப்பட்டது. வீட்டுக்குப் போய்க் காலண்டரைப் பார்த்தால் அசுவினி நட்சத்திரம் அப்போதுதான் முடிந்திருந்தது. அடுத்த அசுவினிக்கு இன்னும் ஒரு சுற்று வர வேண்டும். மருந்தை வாங்கி மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அதுவரைக்கும் பேனே வரலியா?" என்றார் ஜே.டி.

"பேனு வராம இருக்குமா? நெறைய இருந்துதுங்க. அடிக்கலாம்னு கை அரிச்சுது. நல்ல நாளு சொல்லிக்கீறாங்க, மீறக் கூடாதுனு இருந்துட்டேன். அதுக்குள்ள இந்த சேப்பு வண்டும், முதல மாரி ஒரு புழுவும் வந்து அத்தினியும் தின்னுட்டுதுங்க."

முதலை மாதிரி இருந்தது பொறிவண்டின் புழு. முதலில் அவருடைய எருக்கில் மஞ்சள் அசுவினியைத் தின்று வளர்ந்து, பிறகு கறுப்பைத் தின்ன மல்லாட்டைக்கு இறங்கியிருக்கிறது. நாங்கள் வெட்டச் சொன்ன எருக்கு நின்றதும், நாங்கள் அடிக்கச் சொன்ன மருந்து இல்லாமல் போனதும்தான் ஏழுமலையின் விவசாய முறை.

ஜே.டி. சம்பந்தம் சாரைப் பார்த்தார். "இந்த ஊர்ல பேனை அசுவினின்னு யாருய்யா சொல்றாங்க?"

சம்பந்தம் சார் என்னைக் காட்டினார். "இவர் நட்சத்திரம் அதுதான் சார்."

நான் வேலை பார்த்த காலத்தில் கேட்ட பதில்களில் அதற்கு இணையானது இல்லை. அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"உண்ணாமலை நான்தாங்க."

புடவைத் தலைப்பில் 'லை'யோடு வரப்பில் நின்றிருந்தார்.

"என் கொல்லி அந்தாண்ட கீது. வந்து பாருங்க. ஜீப்புல சொன்னதை நான் மட்டும் சரியா புரிஞ்சிக்கினேன். அதான் இப்பிடி ஆயிடுச்சி."

ஜே.டி. வரப்பைத் தாண்டிப் போனார். சுருண்ட இலைகளைப் பார்த்தார். விரலில் ஒட்டிய பிசுபிசுப்பைப் பார்த்தார். உண்ணாமலை எதையும் மறைக்கவில்லை. எத்தனை தடவை, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்று கேட்டதற்கெல்லாம் ஒப்பித்தார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த அளவுகள். ஒன்றுகூடத் தப்பில்லை.

"அந்தப் போர்டு எனக்குத் திரும்பி வருமாங்க? கொல்லி கெட்டுதான் போயிருக்கு. கெட்டாலும் என்னுதுதானே?"

ஜே.டி. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "போர்டைக் கொண்டாந்து இந்தம்மா கொல்லையிலேயே நடுங்க. இனிமே மருந்து வேணாம். எருக்கு முளைச்சா முளைக்கட்டும்" என்றார். பிறகு சம்பந்தம் சாரைத் தனியே ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. சம்பந்தம் சார் திரும்பி வந்தபோது மூக்குக் கண்ணாடி கையில் இருந்தது.

போர்டை மறுபடியும் நானும் வாட்ச்மேனும்தான் பிடுங்கினோம். மண் இன்னும் இறுகாததால் சுலபமாக வந்தது.

6. கடன் வாங்கிய வண்டு

அன்று மாலை ஏழுமலையின் எருக்கிலிருந்து சில கிளைகளைப் புழுவோடும் வண்டோடும் ஒடித்து இந்தப் பக்கம் போட்டால் என்ன என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதற்குள் நான் என்ன சொன்னாலும் உண்ணாமலை ஒரு தடவை யோசிக்க ஆரம்பித்திருந்தார். யோசித்துவிட்டு அரிவாளை எடுத்தார்.

"இன்னாம்மா, என் பூச்சியெல்லாம் அள்ளினு போற?" என்றார் ஏழுமலை.

"கடனா குடு மாமா. குட்டி போட்டதும் சேத்துக் குடுத்துட்றேன்."

"வட்டி?"

"அதான் உன் கொல்லிக்கு ஒரு நாளு என் பேரைப் போட்டுக்கினியே. அதுல கழிச்சிக்க."

கொல்லை முழுதாகத் தேறவில்லை. பாதி தேறியது. புதுக் கொழுந்துகள் சுருளாமல் வந்தன. ஒரு காலை லென்சில் பார்த்தபோது, முதலைப் புழு ஒன்று அசுவினி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் குச்சி உறிஞ்சுவதுபோல உறிஞ்சிக்கொண்டிருந்தது. வேலையில் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் முழுத் திருப்தி அதுதான். அதில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

வேலூரிலிருந்து உத்தரவு வந்தது. இனி விவசாயிகளிடம் அவர்கள் பேசும் வார்த்தையையே பயன்படுத்த வேண்டும். அசுவினி கூடாது, பேன் என்றே சொல்ல வேண்டும். மறுபடி ஜீப். மறுபடி நான். "பேன் தொல்லையா? உடனே அணுகவும்!" அந்த வாரமே ஓர் அம்மா பித்தளைத் தூக்கோடு ஆபீசுக்கு வந்தார்.

"மருந்து வோணும் சார். பொண்ணுக்கு ஸ்கூல் போறதுலேர்ந்து ஜாஸ்தியா கீது. தலைக்கு ஊத்திட்டு அடிக்கணுமா, அடிச்சிட்டு ஊத்தணுமா?"

நாற்காலியை விட்டு நான் அவ்வளவு வேகமாக எழுந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவரைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய் பேனும் ஈரும் வாரும் ஈர்வலி ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அன்றோடு ஜீப் அறிவிப்பை நிறுத்தினோம்.

இளையவர்கள் என்னிடம் கேட்பார்கள், இத்தனை வருஷத்தில் என்ன கற்றீர்கள் என்று. பூச்சிக்குச் சரியான பெயர் கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்தப் பெயர் கேட்பவர் காதில் என்னவாகப் போய் விழுகிறது என்று நின்று பார்ப்பது மீதி. நான் முதல் பாதியைப் புத்தகத்தில் படித்தேன். இரண்டாம் பாதியை ஒரு கொல்லையைக் கெடுத்துக் கற்றோம், அதுவும் எங்களுடைய கொல்லையை அல்ல.

அடுத்த பட்டத்துக்கும் உண்ணாமலையின் கொல்லையே திடல். மருந்தில்லாத் திடல். துரு ஏறிய போர்டைப் புதுப்பிக்கப் பெயின்டர் வந்தபோது நான் இல்லை. விவசாயி பெயரில் அழிந்திருந்த 'லை'யைத் திருத்தி எழுதினான். பயிர் எழுதினான். பூச்சி என்ற வரியில், புதிய உத்தரவுப்படி, பேன் என்று எழுதினான். அதற்கடுத்த வரி மருந்து. என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறான். ஒன்றும் இல்லை என்று எழுதினால் ஆபீசில் திட்டுவார்களே என்றும் சொல்லியிருக்கிறான். வரப்பில் உட்கார்ந்திருந்த ஏழுமலை, "போன தபா எனக்கு எதுல சரியாச்சோ அதையே எழுதுப்பா" என்றிருக்கிறார். உண்ணாமலையும் எழுதச் சொல்லிவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் படித்தேன்.

பூச்சி: பேன்.
மருந்து: அசுவினி.
விவசாயி: உண்ணாமலை.

சம்பந்தம் சாரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்தார். திருத்த வேண்டாம் என்றார்.